பின்னால் கட்டி இழுக்கும் காருக்குத் தனி பிரேக் வேண்டுமா, எதை வாங்குவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எடுத்து எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். ஹூஸ்டனில் இருக்கிறீர்கள். ஃபோர்டு ஈ-450 சேஸியில் (அடிச்சட்டத்தில்) கட்டிய கிளாஸ் சி மோட்டார்ஹோம் ஒன்றை, அதாவது வேன் முகப்போடு இருக்கும் வீட்டு வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். வீட்டில் இருக்கும் 2013 ஹோண்டா சிஆர்-வியை, நாலு சக்கரமும் தரையில் உருள, அதன் பின்னால் கட்டிக்கொண்டு ஜூனில் கொலராடோ போவதாகத் திட்டம். வண்டி விற்றவர் "சின்ன கார்தானே, மோட்டார்ஹோம் பிரேக்கே தாங்கும்" என்கிறார். நண்பர்கள் ஆளுக்கொரு பிராண்டைச் சொல்கிறார்கள். 1,500 டாலருக்குள் எந்தப் பிரேக் சாதனத்தை வாங்கலாம் என்பது கேள்வி. மனைவிக்குத் தோள்வலி, ஒவ்வொரு முறையும் பெட்டியைத் தூக்கிப் பொருத்த முடியாது என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால் பிராண்டைவிட அந்த ஒரு வரிதான் முக்கியம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிச்சிகனில் கார் பிரேக் உதிரிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் சோதனைப் பிரிவில் 14 வருடம் வேலை பார்த்தேன். ரோட்டரை (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) சுடவைத்து, அதைக் கவ்வும் பேடைத் தேய்த்து, பிரேக் ஆயிலைக் கொதிக்கவைத்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. 2016-இலிருந்து மோட்டார்ஹோம் ஓட்டுகிறேன். இப்போது இருப்பது இரண்டாவது வண்டி, பின்னால் வரும் காரும் இரண்டாவது. கீழே சொல்லப்போகும் நாலு வகையில் மூன்றை நானே பயன்படுத்தியிருக்கிறேன். நாலாவதை, அதாவது டோ பாரிலேயே (காரை மோட்டார்ஹோமோடு இணைக்கும் இழுவைக் கம்பி) பிரேக் சேர்ந்து வரும் வகையை, ஒரு நண்பருக்குப் பொருத்திக் கொடுத்து ஒரு நாள் ஓட்டிப் பார்த்ததோடு சரி. அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

இழுபடும் காருக்கு இங்கே 'டோட்' என்று பட்டப்பெயர். இழுக்கப்படுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தேரையைக் குறிக்கும் சொல்லும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால் வந்தது. எங்கள் வீட்டில் அது தேரை என்றே ஆகிவிட்டது. "தேரையைக் கட்டியாச்சா?" என்று என் மனைவி கேட்டதும், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

சரி, பிரேக் வேண்டுமா? வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஈ-450 சேஸி தன் எடையும் சுமையும் சேர்த்து அதிகபட்சம் 14,500 பவுண்டு வரை போகலாம். பின்னால் இழுப்பதையும் சேர்த்தால் 22,000 பவுண்டு வரை. இந்த இரண்டாவது எண்ணைக் காட்டித்தான் "இன்னும் 7,500 பவுண்டு இடம் இருக்கிறது, உங்கள் கார் 3,500தானே" என்பார்கள். எஞ்சினும் கியரும் இழுக்கும், அதில் பொய்யில்லை. ஹிட்ச் (மோட்டார்ஹோமின் பின்னால் உள்ள இழுவை இணைப்பு) தாங்குமா என்பதை மட்டும் அதன்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் 5,000 பவுண்டு இருக்கும். ஆனால் நிறுத்துவது வேறு கணக்கு. வண்டியின் பிரேக் முதல் எண்ணுக்கு ஏற்றதே தவிர இரண்டாவது எண்ணுக்கு அல்ல என்று ஃபோர்டின் இழுவைக் கையேடே சொல்கிறது. 1,500 பவுண்டுக்கு மேல் எதை இழுத்தாலும் அதற்குத் தனி பிரேக் வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. விற்பனையாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டார்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். முழுச் சுமையுடன் 60 மைல் வேகத்தில் போகும் மோட்டார்ஹோம், காய்ந்த சாலையில் நன்றாக அழுத்தினால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து 200 அடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3,500 பவுண்டு காரை பிரேக் இல்லாமல் பின்னால் மாட்டினால் மொத்தம் 18,000 பவுண்டு, அதாவது 24 சதவீதம் கூடுதல். நிறுத்தும் விசை மட்டும் பழைய அளவுதான். ஆக 248 அடி ஆகும். அந்த 48 அடிக்குள் மூன்று கார் நிற்கும். இது நேர்ச் சாலைக் கணக்கு. வளைவில் அழுத்தினால் பின்னாலிருந்து முட்டும் கார் மோட்டார்ஹோமின் வால் பக்கத்தை ஒதுக்கித் தள்ளப் பார்க்கும். கிளாஸ் சி வண்டிகளில் பின் அச்சுக்குப் பின்னால் உடம்பு நீளமாகத் தொங்குவதால் அந்தத் தள்ளலுக்கு நல்ல நெம்புகோலும் கிடைத்துவிடுகிறது. ஈரச் சாலையில் இதை ஒரு முறை உணர்ந்தவர்கள் இரண்டாம் முறை விலையைப் பற்றிப் பேசுவதில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினால் பிரேக் கட்டாயம், சிலவற்றில் 1,500-லேயே தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் இந்த விதிகளை டிரெய்லருக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டி இழுக்கும் கார் டிரெய்லரா இல்லையா என்று மணிக்கணக்கில் வாதாடலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மட்டும் மோட்டார்ஹோம் பின்னால் வரும் காரைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்: கார் 2,000 கிலோவுக்குக் குறைவாகவும், மோட்டார்ஹோமின் உச்ச எடையில் 40 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருந்தால் தனி பிரேக் இல்லாமல் இழுக்கலாம். "பிரேக் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் பணம் வராது" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அப்படி மறுத்த கேஸ் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை, அதனால் அதை வைத்து உங்களைப் பயமுறுத்த மாட்டேன். இயற்பியல் போதும்.

கொலராடோ என்பதால் சூட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டென்வரிலிருந்து ஐ-70 சாலையில் மேற்கே போனால் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி சில்வர்தோர்ன் வரை 7 சதவீத இறக்கம். 18,000 பவுண்டு வண்டியை அந்தச் சரிவில் 45 மைல் வேகத்திலேயே பிடித்து வைத்திருக்க ஏறக்குறைய 110 கிலோவாட் சக்தியை ஏதோ ஒன்று விழுங்க வேண்டும். எதிர்க்காற்றும் டயர் உருளுவதும் சுமார் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இதில் உங்கள் சிஆர்-வியின் எடைக்கு வரும் பங்கு மட்டும் 22 கிலோவாட். குளிர்காலத்தில் அறையில் வைக்கும் 1,500 வாட் ஹீட்டர் பதினாலு, பதினைந்தைச் சேர்த்துப் போட்ட மாதிரி. அவ்வளவும் மோட்டார்ஹோமின் பிரேக்கில் போய்ச் சேர்ந்தால் பேட் வாசனை வரும். ஆனால் அதை அப்படியே காரின் பிரேக்கில் தள்ளிவிட்டால் கார் கருகும். அதனால் இறக்கத்துக்கு முதல் மருந்து கீழ் கியரும், சுமை இழுக்கும்போது கியரைத் தாழ்வாகவே பிடித்து வைக்கும் டோ-ஹால் பொத்தானும்தான். பின்னால் உள்ள பிரேக், நீங்கள் மிதிக்கும்போது மட்டும் வேலை செய்துவிட்டு, காலை எடுத்ததும் விட்டுவிட வேண்டும்.

சாதனம் தேர்ந்தெடுப்பதில் எனக்கு இருக்கும் ஒரே பிடிவாதம் இந்த "விட்டுவிட வேண்டும்" என்பதுதான். கடையில் எல்லாரும் "எவ்வளவு நன்றாகப் பிடிக்கும்?" என்று கேட்கிறார்கள். பிடிப்பதை எல்லாச் சாதனமும் செய்துவிடும். "நான் மிதிக்காதபோது எந்தெந்தச் சமயத்தில் இது தானாகப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். பிடிக்காத பிரேக்கை ஓட்டும்போதே உணர்ந்துவிடலாம். விடாத பிரேக்கை உணரவே முடியாது, 14,500 பவுண்டு வண்டிக்குப் பின்னால் ஒரு சின்ன கார் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தால் ஸ்டீயரிங்கில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

எனக்கும் தெரியவில்லை. முதலில் வாங்கியது பழைய டீசல் வண்டி. விற்றவர் டிரைவர் சீட்டுக்கு முன் வைக்கும் பிரேக் பெட்டி ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். மோட்டார்ஹோமின் பிரேக் விளக்கு எரிந்தால் பெடலை அழுத்தும், அணைந்தால் விடும், அவ்வளவுதான் அதன் மூளை. ஒரிகானில் ஐ-84-இல் பென்டில்டனுக்கு இறங்கும் வழியில் கேபேஜ் ஹில் என்று ஒரு மலை, 6 மைலில் 2,000 அடி இறக்கம். எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டுவிட்டு, காலை பெடலில் வைக்காமலே அழகாக இறங்கினேன் என்று எனக்குப் பெருமை. கீழே லாரிகள் நிற்கும் இடத்தில் நிறுத்தி இறங்கினால் தீய்ந்த வாசனை. ஹோண்டா ஃபிட்டின் முன் ரோட்டர் இரண்டும் மயில் கழுத்து நிறத்தில் இருந்தன. வார்ப்பிரும்பு அந்த நிறத்துக்கு வரவேண்டும் என்றால் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்க வேண்டும். நடந்தது இதுதான்: அந்த வண்டியில் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்தாலே பின்னால் பிரேக் விளக்கு எரியும். பெட்டி அதைப் பார்த்து 6 மைலும் பெடலை அழுத்தியபடியே வந்திருக்கிறது. பிரேக் சோதனையில் சம்பளம் வாங்கியவனுக்கு இந்தக் கதி. ரோட்டர், பேட், ஆயில் எல்லாம் மாற்றினேன்.

உங்கள் ஈ-450 பெட்ரோல் வண்டி, எக்ஸாஸ்ட் பிரேக் கிடையாது. அதனால் இதே விபத்து வராது. ஆனால் அதன் தம்பி வரலாம். வேகம் குறைவதை மட்டும் பார்த்து அழுத்தும் சாதனங்கள் உண்டு. கீழ் கியரில் எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்கும்போதும், சாலையில் பெரிய பள்ளத்தில் விழுந்து எழும்போதும், "ஓகோ, பிரேக் பிடிக்கிறார்" என்று அவை நினைத்துக்கொள்ளலாம். விளக்கை மட்டும் நம்புவதும் வேண்டாம், அசைவை மட்டும் நம்புவதும் வேண்டாம். பிரேக் விளக்கும் எரிய வேண்டும், வண்டியின் வேகமும் நிஜமாகவே குறைய வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் அழுத்துவேன் என்று இருக்கும் சாதனமே என் தேர்வு.

அடுத்து உங்கள் காரின் பெடல். எஞ்சின் ஓடும்போது பெடல் மெத்தென்று இறங்குவது, காலின் பலத்தைப் பெருக்கும் பூஸ்டரில் இருக்கும் வேக்குவத்தால் (வெற்றிடத்தால்). எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு மூன்று முறை மிதித்துப் பாருங்கள், கல் மாதிரி ஆகிவிடும். இழுபடும்போது உங்கள் சிஆர்-வியின் பெடல் அந்தக் கல் நிலையில்தான் இருக்கும். சீட்டுக்கு முன் வைக்கும் பெட்டிகள் அந்தக் கல்லை அப்படியே பலமாக அழுத்துகின்றன. அதனால்தான் பொருத்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்து வேக்குவத்தைத் தீர்த்துவிடச் சொல்கிறார்கள். மறந்துவிட்டால், முதல் சிக்னலில் அதே பலம் பூஸ்டரின் உதவியோடு சேர்ந்து சக்கரத்தையே பூட்டிவிடும். காரோடு நிரந்தரமாகப் பொருத்தும் வகையில் சில, சின்ன பம்ப் ஒன்றை வைத்துப் பூஸ்டருக்கு வேக்குவத்தையும் கொடுக்கின்றன. அப்போது பெடலை மெதுவாக இழுத்தாலே போதும். பல ஹைபிரிட் கார்களிலும் சில புதிய கார்களிலும் கதை வேறு, எஞ்சின் ஓடாவிட்டாலும் பிரேக் உதவி விழித்துக்கொண்டே இருக்கும். அவற்றுக்குப் பொருந்தும் சாதனம் எது என்பதை மாடலும் வருடமும் சொல்லித் தயாரிப்பாளரிடமே கேட்டுத்தான் வாங்க வேண்டும். உங்கள் 2013-க்கு அந்தத் தலைவலி இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. சாவியை ஆக்சஸரி நிலையில் (எஞ்சின் ஓடாது, ஸ்டீயரிங் பூட்டாது) வைத்து இழுக்கும் காரில், சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் பொதுவாக வேலை செய்யாது. அதனால் அளவுக்கு மீறி அழுத்தினால் சக்கரம் சுற்றாமல் தேய்ந்துகொண்டே வரும், உங்களுக்குத் தெரியாது. பத்து விநாடி அப்படி வந்தால் டயரில் ஒரு பக்கம் சப்பையாகிவிடும். அதனால் பின்னால் உள்ள பிரேக்கை எப்போதும் கொஞ்சம் குறைவாகவே வையுங்கள். காரை நிறுத்தும் அளவு பிடித்தால் போதும், அது மோட்டார்ஹோமையும் சேர்த்து நிறுத்த வேண்டியதில்லை.

இனி வகைகள். பெட்டி வகையில் புளூ ஆக்ஸ் பேட்ரியட், பிரேக் படி, ஆர்விஐ போன்றவை பிரபலம். சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் வைத்து, கவ்வியைப் பெடலில் மாட்டி, 12 வோல்ட் சாக்கெட்டில் செருக வேண்டும். காரை மாற்றினாலும் இதை எடுத்துக்கொண்டு போகலாம், பொருத்தும் கூலி ஏறக்குறைய இல்லை. குறை என்னவென்றால், ஒவ்வொரு முறை காரைக் கழற்றும்போதும் பெட்டியை வெளியே எடுக்க வேண்டும், கட்டும்போது மறுபடி வைக்க வேண்டும். மழையில், முகாம் வாசலில், பின்னால் நாலு வண்டி காத்திருக்க, குனிந்து அதைப் பொருத்துவது தோள்வலி இல்லாதவருக்கே எரிச்சல். சீட் ஒரு பல் பின்னால் நழுவியிருந்தால் பெட்டி பெடலுக்குப் பதில் சீட்டைத்தான் தள்ளிக்கொண்டிருக்கும்.

நிரந்தர வகையில் டெம்கோவின் ஸ்டே-இன்-ப்ளே டூயோ, ரோட்மாஸ்டரின் இன்விசிபிரேக் ஆகிய இரண்டையும் அதிகம் பார்க்கலாம். ஒருமுறை பொருத்திவிட்டால் வயரைச் செருகி பிரேக்அவே கம்பியை (கார் கழன்று ஓடினால் அதன் பிரேக்கைப் போடும் கம்பி) மாட்டுவதோடு வேலை முடிந்தது. நான் இப்போது வைத்திருப்பது டூயோ. நான் மேலே சொன்ன இரட்டை நிபந்தனைதான் அதன் பெயரிலேயே இருக்கிறது, விளக்கும் அசைவும் சேர்ந்தால்தான் அழுத்தும். ஆனால் ஒன்று, அது நீங்கள் முன்கூட்டியே திருகி வைத்த அழுத்தத்தைத்தான் கொடுக்கும். நீங்கள் மெதுவாக மிதித்தால் மெதுவாக, வேகமாக மிதித்தால் வேகமாக என்று நுணுக்கமாகப் பின்தொடராது. விளம்பரங்களில் 'ப்ரொபோர்ஷனல்' என்ற சொல்லை ரொம்பத் தாராளமாகப் புழங்குகிறார்கள், அதனால் வாங்கும் முன் எதற்கு விகிதமாக என்று கேட்டுவிடுங்கள். வேகம் குறையும் அளவுக்கா, உங்கள் பிரேக் லைனின் அழுத்தத்துக்கா, அல்லது வெறுமனே குமிழைத் திருகலாம் என்பதற்கா? மூன்றும் ஒன்றல்ல.

உண்மையான விகிதம் வேண்டுமென்றால் காற்று பிரேக் உள்ள பெரிய டீசல் வண்டியில்தான் அது சுலபம். மோட்டார்ஹோமின் பிரேக் காற்றிலிருந்தே ஒரு குழாயைப் பின்னால் கொண்டுபோய்க் காரின் பெடலை இழுக்கும் ஏர் ஃபோர்ஸ் ஒன் மாதிரிச் சாதனங்கள் உண்டு. முதல் வண்டிக்குக் கேபேஜ் ஹில்லுக்குப் பிறகு அதைத்தான் போட்டேன், கையில் பட்டதிலேயே சிறந்தது அதுதான். உங்களுக்கு உதவாது. ஈ-450-இல் இருப்பது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக், இழுத்துக்கொள்ளக் காற்றே கிடையாது. யாராவது அதைச் சிபாரிசு செய்தால் அவர் உங்கள் வண்டி என்ன என்றே கேட்கவில்லை என்று அர்த்தம்.

நாலாவது, ரெடி புரூட் போன்ற டோ பார். முன்னால் வண்டி வேகம் குறைந்ததும் பின்னால் உள்ள கார் டோ பாரை முட்டித் தள்ளும், அந்தத் தள்ளல் ஒரு கேபிளை இழுக்கும், கேபிள் காரின் பெடலை இழுக்கும். மின்சாரமும் இல்லை, பம்பும் இல்லை. டோ பாரும் இன்னும் வாங்கவில்லை என்றால் இரண்டும் சேர்த்து இதுதான் மலிவு. நண்பருக்குப் பொருத்தியபோது அதன் எளிமை எனக்கு மிகவும் பிடித்தது. கீழ் கியரில் இறங்கும்போதும் கார் முன்னால் தள்ளும் என்பதால் அப்போதும் கொஞ்சம் பிரேக் பிடிக்குமே என்ற சந்தேகம் எனக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது. ஸ்பிரிங் வைத்துச் சின்னத் தள்ளலை விழுங்கிவிடுகிறார்கள். ஆனால் நான் ஓட்டிப் பார்த்தது மிச்சிகன் சமவெளியில். 7 சதவீத இறக்கத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை அங்கே ஓட்டியவர்தான் சொல்ல வேண்டும்.

எந்த வகையை வாங்கினாலும் பிரேக்அவே சுவிட்சில் பேரம் பேசாதீர்கள். டோ பார் பிய்த்துக்கொண்டு கார் தனியாகப் போனால், ஒரு கம்பி இழுபட்டு ஊசி கழன்று, காரின் பிரேக் தானாக விழும். சிலவற்றோடு சேர்ந்தே வரும், சிலவற்றுக்குத் தனியாக வாங்க வேண்டும், விலை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பியின் மறுமுனையை மோட்டார்ஹோமின் அடிச்சட்டத்தில் மாட்டுங்கள். டோ பாரிலோ, ஹிட்சுக்குள் செருகும் துண்டிலோ மாட்டவே மாட்டாதீர்கள். பூட்டு ஊசி விழுந்து அந்தத் துண்டே உருவிக்கொண்டு வந்தால், கம்பியும் அதோடு சேர்ந்து போய்விடும், சுவிட்ச் தூங்கிக்கொண்டிருக்கும். முகாம்களில் நடந்து போகும்போது பார்த்தால் பலர் அங்கேதான் மாட்டியிருக்கிறார்கள். வளைவில் இழுபடாத அளவு தளர்வும் இருக்கட்டும்.

மின்சாரத்தில் இரண்டு கண்ணி. காரின் பேட்டரி நாள் முழுக்கப் பெட்டிக்கோ பம்புக்கோ தீனி போட வேண்டும், எஞ்சின் ஓடாததால் சார்ஜ் ஏறாது. மோட்டார்ஹோமிலிருந்து ஒரு சார்ஜ் வயர் இழுத்துவிடுங்கள். பேட்டரியைக் காப்பாற்ற ஃபியூஸைப் பிடுங்கி வைப்பவர்களும் உண்டு. அந்த ஃபியூஸிலேயே 12 வோல்ட் சாக்கெட்டும் இருந்தால், பெட்டி சத்தமில்லாமல் செத்துப்போகும். இன்னொன்று விளக்கு. சாதனம் காரின் பெடலை அழுத்தும்போது காரின் சொந்த பிரேக் விளக்கும் எரியும். பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே பல்பு உள்ள கார்களில், அந்த விடாத வெளிச்சம் இண்டிகேட்டரின் சிமிட்டலை மறைத்துவிடும். டயோடும் ரிலேயும் வைத்துப் பிரித்துவிடலாம், பொருத்துபவரிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள். பிரேக்கை மிதித்தபடி வலது இண்டிகேட்டரைப் போட்டு, மனைவியைப் பின்னால் நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆக, உங்களுக்கு என்ன வாங்கச் சொல்வேன்? இந்த சிஆர்-வியை இன்னும் நாலைந்து வருடம் வைத்திருப்பீர்கள் என்றால், நிரந்தரமாகப் பொருத்தும், பூஸ்டருக்கு வேக்குவம் கொடுக்கும், இரட்டை நிபந்தனை உள்ள வகை. சாதனம் ஆயிரம் டாலரை ஒட்டி, கூலி அதன்மேல் சில நூறு, உங்கள் வரம்பின் விளிம்பில் வந்து நிற்கும். தோள்வலி உள்ளவர் தினமும் ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டினால், பத்தாம் நாள் "இன்று பத்து மைல்தானே" என்று பெட்டி டிக்கியிலேயே கிடக்கும். அப்படி டிக்கியில் கிடந்த பெட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்குள் காரை மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் பெட்டிக்குப் போங்கள், தூக்குவது உங்கள் வேலை. எதுவானாலும், காரில் பிரேக் விழும்போது மோட்டார்ஹோம் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிய வேண்டும். நான் மிதிக்காதபோது அது எரிந்தால் உடனே ஓரம் கட்டுவேன். கேபேஜ் ஹில்லில் எனக்கு அந்த விளக்கு இல்லை.

காரைக் கட்டுவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள், 2013 கார் என்பதால் சொல்கிறேன். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது என்பது தரநிலை, ஈரம் குடித்துவிட்டால் அந்த வரம்பு 140-தான். பிறகு காலி மைதானம் ஒன்றில் 25 மைல் வேகத்தில் போய் நிறுத்திப் பாருங்கள், ஒருவர் வெளியே நின்று கார் சக்கரம் பூட்டுகிறதா என்று பார்க்கட்டும். சாதனத்தின் அழுத்தத்தைச் சக்கரம் பூட்டும் வரை ஏற்றி, அங்கிருந்து இறக்கி வையுங்கள். கியரைப் பற்றி ஹோண்டா கையேட்டில் மோட்டார்ஹோம் பின்னால் இழுப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது: எஞ்சினை ஓடவிட்டு, கியரை எல்லா நிலைக்கும் கொண்டுபோய், டி-யில் 5 விநாடி, பிறகு நியூட்ரலில் 3 நிமிடம், அப்புறம்தான் அணைக்க வேண்டும். 65 மைலுக்கு மேல் போகக் கூடாது. கட்டிய பிறகு ரிவர்ஸ் எடுக்கவே கூடாது, பத்தடிகூட. பெட்ரோல் பங்கில் நுழையும்போதே வெளியேறும் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள், முப்பது டாலருக்குள் கிடைக்கும். முதல் பத்து மைலில் ஒரு முறை நிறுத்தி காரின் நாலு சக்கரத்தின் நடுப்பகுதியையும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட இடது வலது ஒத்துப் போகிறதா என்பதுதான் விஷயம். ஐ-25 வழியாகத்தான் கொலராடோவுக்குள் ஏறுவீர்கள் என்றால், ரேட்டன் பாஸ் 7,834 அடி, அதன் இறக்கம் நல்ல ஒத்திகை. அங்கே இறங்கியதும் ஒரு தடவை, அப்புறம் சில்வர்தோர்னில் ஒரு தடவை அளந்து, எட்டு எண்களையும் இங்கே போடுங்கள். எந்தச் சாதனம் வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், அதன் அழுத்தத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.